சங்ககிரி வாசலில் பன்னீர்த் திராட்சைப் பந்தல்: இதெல்லாம் தெரியுமா?

உங்கள் வேலியில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கிறதே பிரண்டை, அதுவும் திராட்சையும் ஒரே குடும்பம், தெரியுமா? நம்ப முடியவில்லை என்றால், துவையலுக்குப் பிரண்டை ஒடிக்கும்போது ஒரு கணுவை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் இலை. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. இனி ஒரு திராட்சைக் கொடியைப் பாருங்கள். அச்சு அசல் அதே அமைப்பு! கணுவின் ஒரு பக்கம் இலை, எதிர்ப்பக்கம் பற்றுக்கம்பி. அந்தப் பற்றுக்கம்பிக்குப் பதிலாகத்தான் சில கணுக்களில் பழக்கொத்து தொங்குகிறது. தாவரவியல்காரர்கள் இரண்டையும் வைட்டேசியே என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

"பிரண்டை எங்கும் வரும். திராட்சை கம்பத்தில்தானே வரும், நம்ம சங்ககிரி வெயிலில் வருமா?" என்று கேட்காதவர் இல்லை. அவர்களுக்கு ஒரு சேதி. தென்னிந்தியத் திராட்சையின் வரலாற்றை எழுதியவர்கள், 1832 வாக்கில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்து நட்ட இடங்களாக இரண்டு மாவட்டங்களைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்று மதுரை. இன்னொன்று எது தெரியுமா? சேலம்! நம் சேலத்து மண்ணில் திராட்சைக் கொடி வேர்விட்டு இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. அப்படியிருக்க, அது ஏதோ குளிர்நாட்டுச் செடி என்றும் நமக்கு எட்டாதது என்றும் நினைத்து முருங்கையோடும் கறிவேப்பிலையோடும் நிறுத்திக்கொள்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டில், இபின் பதூதா என்ற மொராக்கோப் பயணி தௌலதாபாத்துக்கு வந்தார். அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கின்றன என்று வியந்து எழுதிவைத்தார். அவர் பார்த்திருந்த நாடுகளில் திராட்சை ஆண்டுக்கு ஒரே தடவைதான். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கட்டையாகத் தூங்கும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது! எப்போது கவாத்து செய்கிறோமோ அப்போது துளிர்க்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இதே கொடியில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து மகசூல்கூட எடுக்கிறார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் இருக்கும் விவசாயிக்கு இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்.

சரி, எந்த ரகம்? கேள்வியே அதுதானே. நாற்றங்காலுக்குப் போய் "ஒரு திராட்சைச் செடி குடுங்க" என்று கேட்டு, எது கொடுத்தாலும் வாங்கிவந்து நட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்து "இலைதான் வருது, காய் வரலை" என்று வெட்டிப் போடுகிறார்கள். தவறு கொடியில் இல்லை, தேர்வில்.

முதலில் பன்னீரைப் பற்றிக் கேளுங்கள். நாம் பன்னீர்த் திராட்சை என்கிறோமே, அந்தக் கறுப்பு, உருண்டை, கொட்டையுள்ள பழம், அதற்கு உலகம் வைத்த பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிறந்த இடம் ஜெர்மனியும் இல்லை, மஸ்கட்டும் இல்லை, இங்கிலாந்து! 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்னோ என்ற தோட்டக்காரர், ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில் வளர்த்தெடுத்த ஒரே ஒரு விதைச்செடி அது. (ஆகவே 1832 வாக்கில் சேலத்துக்கு வந்தது வேறு ஏதோ ரகமாகத்தான் இருக்க வேண்டும்.) மரபணுவை ஆராய்ந்து அதன் பெற்றோரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் மத்தியதரைக் கடலோரத்தின் பழம்பெரும் ரகமான அலெக்சாண்டிரியா மஸ்கட். மறுபக்கம் பிளாக் ஹாம்பர்க் என்று ஆங்கிலேயர் அழைக்கும் ஸ்கியாவா கிராஸா.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த பிளாக் ஹாம்பர்க் ரகத்தின் ஒரு கொடி, லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றைக்கும் உயிரோடு காய்த்துக்கொண்டிருக்கிறது. நட்ட ஆண்டு 1768! தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலேறிய 1805ஆம் ஆண்டில் அந்தக் கொடிக்கு வயது முப்பத்தேழு. 250 ஆண்டு தாண்டியும் ஓய்வெடுக்கவில்லை. 2001இல் அந்த ஒரே கொடியில் 383 கிலோ பழம் அறுத்தார்கள். நாம் வீட்டு வாசலில் வைக்கும் பன்னீரின் தாய்வழியோ தந்தைவழியோ இந்த நெடுங்கொடி ரகம்தான். கொடி என்றால் இரண்டு மூன்று வருஷத்துச் சமாசாரம் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஒரே விதைச்செடி என்றேன் அல்லவா? பன்னீரை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி, அதிலிருந்து இன்னொன்று என்று கடல் தாண்டி, மலை தாண்டி வந்திருக்கிறது. கம்பத்தில் ஏக்கர் ஏக்கராகப் பந்தலில் கிடப்பதும், உங்கள் வீட்டில் நீங்கள் வைக்கப்போவதும், ஸ்னோவின் கண்ணாடி வீட்டில் முளைத்த அதே செடியின் துண்டுகள்! அதனால்தான் சொல்கிறேன், தின்ற பழத்தின் கொட்டையைப் போட்டு வளர்க்காதீர்கள். முளைக்கும், படரும், ஆனால் தாயின் குணம் வராது. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியில் நான்கு கண் இருக்கும்படி வெட்டி வைத்தால் போதும், வேர் பிடித்துவிடும்.

2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இதே பல்கலைக்கழகம் தன் சாகுபடிக் குறிப்பில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எதிர்பார்க்கும் மகசூலைப் பாருங்கள்: விதையில்லாத் திராட்சை 15 டன், பன்னீர் 30 டன்! இரண்டு மடங்கு! நம் தட்பவெப்பம் யாருக்குச் சாதகம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மைக்கேல்பாளையம் பக்கம் பேர்பெற்ற கொட்டையுள்ள பச்சைத் திராட்சைக்கு 40 டன் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் சுவையில் அது பன்னீருக்குப் பக்கத்தில்கூட வராது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

பன்னீரைக் கடித்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு மணம், அதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாப்பூவின் வாசத்திலும் அதே ஜெரானியால் இருக்கிறது.

இப்போது நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். சங்ககிரியில் திராட்சை வைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் இது. 1963இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் இரண்டாவது ஆலையை ஏன் நம் சங்ககிரியில் கொண்டுவந்து வைத்தது? காலுக்கடியில் சுண்ணாம்புக்கல்! சிமெண்டுக்கு அது வரம். செடிக்கு? குழி தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வந்தால், அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இளந்துளிர் எல்லாம் மஞ்சளாக வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எலுமிச்சைச் செடியில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் பிரான்ஸ் நாட்டையே கலங்கடித்தது, தெரியுமா? 1860களில் அமெரிக்காவிலிருந்து தொற்றிவந்த ஃபில்லாக்ஸிரா என்ற நுண்ணிய வேர்ப்பூச்சி, பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை லட்சக்கணக்கான ஹெக்டேரில் அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்று கண்டுபிடித்து, அந்த வேரின் மேல் பிரெஞ்சு ரகத்தை ஒட்டுக்கட்டினார்கள். பிழைத்தது! ஆனால் சுண்ணாம்பு மண்ணுள்ள ஊர்களில் மட்டும் ஒட்டுக்கொடிகள் மஞ்சளடித்துச் செத்தன. என்ன செய்தார்கள்? 1887இல் பியேர் வியாலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள், "சுண்ணாம்பில் வாழும் காட்டுத் திராட்சையைத் தேடிக் கண்டுபிடி" என்று! டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் ஊரில் மன்சன் என்ற திராட்சை வல்லுநர், டெக்சாஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் கொடிகளை அவருக்குக் கைகாட்டினார். அந்தக் கொடிகளின் வாரிசுகள் மேல்தான் இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பகுதி நிற்கிறது. பிரான்ஸ் அரசு மன்சனுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

அதே டெக்சாஸ் மண்ணில் கண்டெடுத்த இன்னொரு கொடியின் பெயர் டாக்ரிட்ஜ். இந்தியாவில் இன்று ஒட்டுத்திராட்சை என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு அடிவேர் இந்த டாக்ரிட்ஜ்தான். உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் அது தாங்கும். ஆகவே சங்ககிரிக்காரர்களுக்கு என் முதல் கேள்வி ரகத்தைப் பற்றியது இல்லை, தண்ணீரைப் பற்றியது. உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியென்றால் டாக்ரிட்ஜ் வேரில் ஒட்டுக்கட்டிய பன்னீரைத் தேடி வாங்குங்கள். காவிரித் தண்ணீரோ நல்ல கிணற்றுத் தண்ணீரோ இருந்தால் சாதாரண வேர்பிடித்த குச்சியே போதும். ஐரோப்பிய இனமான பன்னீருக்குச் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே ஓரளவு உண்டு.

அடுத்து வருவதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பெங்களூர் நீலம் என்று ஒரு ரகம் இருக்கிறது. ஜூஸ் கடைக்காரர்களின் செல்லம். தோல் கெட்டி, உள்ளே கொழகொழவென்று சதை, நோய்க்கு அவ்வளவு லேசில் அசையாத கொடி. துரு நோய்கூட நெருங்காது. அடிச்சாம்பல் நோய் மட்டும் எட்டிப்பார்க்கும். அதன் உடம்பில் ஓடுவது அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம். அந்த வித்தியாசமான வாசனைக்குக் காரணம் மீதைல் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். நம் மல்லிகைப்பூவின் மணத்திலும் அது இருக்கிறது! பறவைகளை விரட்டத் தெளிக்கும் மருந்திலும் அதுவே இருக்கிறது! நமக்கு மணப்பது குருவிக்கு எரிச்சல். (அதை நம்பி வலை கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.) ஆனால் அந்த அமெரிக்க இனம் சுண்ணாம்பு மண் என்றால் சுணங்கும். செம்மண் நிலம் வைத்திருப்பவர்கள் தாராளமாக நடலாம். குழி தோண்டியதும் சுக்கான்கல் வரும் இடத்தில் பெங்களூர் நீலம் வேண்டாம் என்பேன்.

சுண்ணாம்புக்கல் மேல் திராட்சை விளைவதைப் பார்க்க நாம் டெக்சாஸ் வரை போகவும் வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறைதான். அதன் மேலிருக்கும் செம்பாட்டு மண்ணில் கிணற்று நீரைப் பாய்ச்சி, பந்தல் போட்டு, இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு ரகத்தை வளர்க்கிறார்கள் நம் சொந்தங்கள். நல்ல மண் மேலே இருந்து, குப்பை எரு நிறைய விழுந்தால் கீழே இருக்கும் பாறை தொந்தரவு செய்யாது. சங்ககிரியிலும் அதையே செய்யுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, வந்த சுக்கான்கல்லை அப்புறப்படுத்திவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு எருவும் கலந்து நிரப்புங்கள். அதையும் மீறித் துளிர் வெளுத்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பச்சை திரும்பும்.

அடுத்தது எல்லாருக்கும் ஆசை காட்டும் விஷயம். கடையில் அட்டைப்பெட்டியில் வருகிறதே நீள நீளமான பச்சைத் திராட்சை, கொட்டையில்லாதது. "அதைத்தான் வைக்கணும், பிள்ளைங்க அதைத்தான் கேக்குதுங்க!" சரி, அந்தப் பழத்தின் கதையைக் கேளுங்கள்.

ஆதியில் திராட்சை எல்லாமே கறுப்புதான்! பச்சைத் திராட்சை என்பது ஒரு விபத்து. நிறமியை உண்டாக்கும் மரபணுவுக்குள், இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுத் துண்டு புகுந்து உட்கார்ந்துகொண்டது. கறுப்பு நிறம் நின்றுபோனது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். கொட்டை இல்லாததும் அப்படித்தான். பூ கருவுறுகிறது, விதை உருவாகத் தொடங்குகிறது, பாதியிலேயே கருகிவிடுகிறது. தாம்சன் விதையில்லாத் திராட்சையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்தப் பாதிவிதையின் தடம் ஊசிமுனை அளவுக்குத் தெரியும்.

நீளம் எங்கிருந்து வந்தது? அதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்! வளரும் விதைதான் பழத்தைப் பெருக்கவைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. விதை கருகிவிட்டால் பழம் சிறுத்துப்போகும். எனவே பெரிய தோட்டங்களில் கொத்துகளை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் முக்கியெடுக்கிறார்கள். பழம் நீண்டு பருக்கிறது. இந்த ஜிப்ரலினைக் கண்டுபிடித்தது திராட்சைத் தோட்டத்தில் இல்லை. நெல் வயலில்! நாற்று கன்னாபின்னாவென்று உயரமாக வளர்ந்து சாய்ந்து செத்துப்போகும் ஒரு நோய்க்கு, பூஞ்சை ஒன்று சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர் காட்டினார். அந்தப் பொருள்தான் இது. நெல்லைக் கெடுத்தது திராட்சையை வளர்க்கிறது.

ஆக, கடையில் நாம் பார்க்கும் அந்த நீளப் பழம், நாசிக், சாங்லி பக்கத்து வறண்ட குளிர்காலமும், அக்டோபர்க் கவாத்தும், ஹார்மோன் முக்கலும், கொத்துக்கொத்தாகக் கத்தரித்து நெருக்கம் குறைத்த உழைப்பும் சேர்ந்து உண்டாக்கியது. அந்தச் செடியை மட்டும் இங்கே கொண்டுவந்து நட்டால் மற்றவை கூட வராதே! அதன் அடிக்கண்களில் கொத்தும் குறைவாகவே வரும். வந்தாலும் பழம் சின்னச் சின்னதாக உருண்டையாக இருக்கும். சங்ககிரி வாசலுக்குத் தாம்சன் வேண்டவே வேண்டாம். உறுதியாகச் சொல்கிறேன்.

கொட்டையில்லாத பழம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால்? அதற்கும் வழி இருக்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவிலிருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், அர்க்கா என்ற பெயரில் ஒரு வரிசையே உருவாக்கியிருக்கிறது. பிளாக் சம்பா என்ற கறுப்பு ரகத்தையும் தாம்சனையும் கலந்தார்கள். பிறந்தவற்றில் அர்க்காவதி வெளுப்பு, அர்க்கா நீலமணியும் அர்க்கா கிருஷ்ணாவும் கறுப்பு! மூன்றிலும் கொட்டை கிடையாது. இதில் அர்க்கா நீலமணிக்குப் பறவைக்கண் நோயைத் தாங்கும் தெம்பும் உண்டு. தென்னிந்திய வெயிலிலேயே தேர்ந்தெடுத்த பிள்ளை அது. பெங்களூர் நீலத்தையும் பிளாக் சம்பாவையும் கலந்து பிறந்த அர்க்கா ஷ்யாமும் இதே நோயைத் தாங்கும். ஆனால் அதில் கொட்டை உண்டு.

இலைதான் வருகிறது, காய் வரவில்லை என்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். முதலில் சொன்ன பற்றுக்கம்பியை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? பற்றுக்கம்பியும் பழக்கொத்தும் ஒரே முளையிலிருந்து பிறப்பவை! கொடியின் கண்ணுக்குள், கடுகைவிடச் சின்னதாக ஒரு முளை உருவாகிறது. அது கொத்தாவதா, கம்பியாவதா என்பது அங்கே அப்போது முடிவாகிறது. வெயில் நன்றாகப் பட்ட கண்ணில் கொத்து. நிழலில் கிடந்த கண்ணில் வெறும் கம்பி. சில சமயம் முடிவு பாதியில் தடுமாறும். அரைக்கம்பியாகச் சுருண்டு, அதன் நுனியில் இரண்டே இரண்டு பழம் தொங்கும் விசித்திரத்தைப் பந்தலில் தேடினால் நீங்களே பார்க்கலாம். 2002இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு குட்டைத் திராட்சையைக் கண்டறிந்தார்கள். ஜிப்ரலினுக்கு அசையாத செடி அது. அதில் பற்றுக்கம்பி வர வேண்டிய இடங்களிலெல்லாம் பூங்கொத்துகள்!

ஆக, வேப்பமரத்து நிழலில் கொடியை வைத்துவிட்டு யாரையும் குறை சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் நேர்வெயில் விழும் இடம் வேண்டும். நம் ஊரில் மொட்டைமாடியைவிட வெயில் நிறைந்த இடம் உண்டா? கொடியைத் தரையில் நட்டு, ஒற்றைத் தண்டாக மாடிக்கு ஏற்றி, அங்கே கை எட்டும் உயரத்தில் கம்பிப் பந்தல் போட்டுப் படரவிடுங்கள். பன்னீருக்கு வரிசை மூன்று மீட்டர், செடிக்குச் செடி இரண்டு மீட்டர் என்பது கணக்கு. அதாவது ஒரு கொடிக்கு 60, 65 சதுர அடி. வீட்டுக்கு ஒரே கொடி போதும். ஜோடிக் கொடி தேவையில்லை. காட்டுத் திராட்சையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த திராட்சையிலோ ஒரே பூவில் இரண்டும் உண்டு. அந்தப் பூ விரியும் விதம் இருக்கிறதே! மற்ற பூக்களைப் போல இதழ் மேலே விரியாது. ஐந்து இதழும் உச்சியில் ஒட்டியிருக்கும், அடியில் பிய்த்துக்கொண்டு ஒரு பச்சைத் தொப்பியாகக் கழன்று விழும். காலையில் பந்தலுக்கடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்துப் பாருங்கள், குட்டிக் குட்டித் தொப்பிகளாக உதிர்ந்து கிடக்கும்.

கவாத்து மாதங்கள்: டிசம்பர்–ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல்–மே மாதத்தில் பழம். மே–ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்–செப்டம்பரில் பழம். பன்னீருக்கு முற்றிய குச்சியில் நான்கு கண் விட்டு வெட்ட வேண்டும், மெலிந்த குச்சி என்றால் ஒன்று, இரண்டு கண். வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். வேர் கீழிருந்து தள்ளும் அழுத்தம் அது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் வெட்டிய திராட்சைத் தண்டில் குழாயைப் பொருத்திப் பார்த்தார். சாறு 20 அடிக்கும் மேலே ஏறியது! மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு மத்தியில் மூன்றாவது மகசூலுக்கு ஆசைப்பட வேண்டாம். அந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் இலையையும் பூவையும் தின்றுவிடும், பழுத்த பன்னீர் மழையில் வெடித்தும் போகும். கோடை மகசூலில் சில பழம் கறுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது நம் வெயிலின் வேலை. 35 டிகிரிக்கு மேல் போனால் நிறமி சரியாக உருவாகாது. தின்னலாம், இனிக்கும்.

அடிச்சாம்பல் நோய்க்கு உலகமே பயன்படுத்தும் மருந்து எப்படிக் கிடைத்தது தெரியுமா? திருடர்களால்! பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரத்துக் கொடிகளில் தெளித்து அசிங்கப்படுத்தி வைப்பார்கள். 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார்: மற்ற கொடியெல்லாம் நோயில் இலை உதிர்த்து நிற்க, சாலையோரக் கொடி மட்டும் பச்சையாக இருந்தது! 1885இல் அதை மருந்தாகவே வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. வீட்டுக்கு ஒரு லிட்டர் போதும். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டரிலும், 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வடிகட்டி, அன்றைக்கே தெளித்துவிடுங்கள். பழம் நிறம் மாறத் தொடங்கியபின் தெளிக்கவே கூடாது.

பழத்தின் மேல் வெண்மையாகப் பூத்திருப்பதை மருந்து என்று பயந்து தேய்க்கிறார்களே, அது பழமே சுரக்கும் மெழுகு. உங்கள் வீட்டுக் கொடியில் பார்க்கும்போதுதான் அது புரியும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏன் என்று பல காலம் புரியவில்லை. 2021இல்தான் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். பழங்களில் அந்த அமிலத்தை அதிகமாகச் சேர்த்துவைப்பவை மிகச் சில. ஒன்று திராட்சை. இன்னொன்று நம் ரோட்டோரமெல்லாம் நிற்கும் புளி! பந்தலுக்கடியில் உதிர்ந்த பழத்தை உடனுக்குடன் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பறித்தபின் திராட்சை பழுக்காது. வாழை, மாம்பழம் மாதிரி வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று நினைத்துச் சீக்கிரம் வெட்டிவிடாதீர்கள். கொத்தின் அடிநுனியில் இருக்கும் பழம்தான் கடைசியில் பழுக்கும். அதைக் கிள்ளித் தின்று பாருங்கள். அது இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும்.

ஒரே கொடிக்குத்தான் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பன்னீர். இரண்டுக்கு இடமிருந்தால் கூடவே அர்க்கா நீலமணி. சுக்கான்கல் இல்லாத செம்மண் தோட்டமும், மருந்தடிக்க அதிக நேரமில்லாத வேலையும் உள்ளவர்களுக்குப் பெங்களூர் நீலம். தண்ணீர் உப்பு என்றால் எந்த ரகமானாலும் டாக்ரிட்ஜ் வேர். ஜூன், ஜூலை நடவுக்கு ஏற்ற மாதங்கள். குழியை மே மாத வெயிலிலேயே எடுத்து ஆறப்போட்டு, ரகத்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு குச்சி வாங்குங்கள்.